வெள்ளையன் விட்டுக்கொடுத்த ஓடைக்கரை

ஏற்காட்டிலிருந்து கரடியூர்ப் பக்கம் இறங்கும் ஓடையின் கரையில், உலாவ வருகிறவர்களுக்கென்று நடைபாதை போட்டிருந்தார்கள். அது வெள்ளையனின் காப்பித் தோட்டத்து வேலியில் வந்து முட்டி நின்றது. தோட்டத்தைத் தாண்டி, தடுப்பணையிலிருந்து மறுபடி தொடங்கியது. இடையில் முந்நூற்றைம்பது மீட்டருக்குப் பாதை இல்லை. நடப்பவர்கள் மேலேறி ரோட்டு வளைவைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்த வளைவில்தான் வெள்ளையனின் மனைவி குப்பாயியை ஒரு வேன் தட்டிவிட்டு நிற்காமல் போனது. இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்தாள். இப்போது கோலூன்றி நடக்கிறாள்.

அதனால், விடுபட்ட துண்டை இணைக்க எட்டடி அகலம் கேட்டு நடைபாதை வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் பிரபாகர் வந்தபோது வெள்ளையன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

“எடுத்துக்குங்க சார். எங்கூட்டுக்காரி ரோட்டுக்கு ஏறாம பஸ்ஸுக்குப் போகோணும். அது போதுமுங்க.”

பிரபாகர் நல்ல மனிதர்தான். தானே நாடா பிடித்து அளந்து, வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார். “மழைக்கு முன்னாடி வேலைய ஆரம்பிக்கணும். செடிய மட்டும் நீங்களே எடுத்துக் கொடுத்துட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார்.

வெள்ளையன் ஓடையோர வரிசையை வேரோடு பறித்தார். இருபது வருடம் வளர்த்த செடிகள். குப்பாயி கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, கரையப் புடிச்சு வெச்சிருக்கறதே இதுகதானுங்களே?”

“கல்லுச் சுவரு கட்டறாங்களாம் புள்ள.”

மழைதான் வந்தது. ஆட்கள் வரவில்லை. போன் செய்தபோது, வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டதாகப் பிரபாகர் வருத்தத்தோடு சொன்னார்.

வெள்ளையன் இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போனார். பிரபாகர் இடத்துக்கு வந்திருந்த புஷ்பலதா புது வரைபடத்தை விரித்தார்.

“ஓடைப் பக்கம் செலவு அதிகம்னு விட்டுட்டாங்க. ரோட்டோரமா வெள்ளைக்கோடு போட்டு ரெண்டு பாதையையும் இணைச்சாச்சு.”

“அந்த வளைவுலீங்களா?”

புஷ்பலதா வரைபடத்தைச் சுருட்டினார். “உங்ககிட்ட எழுத்துல ஏதாச்சும் கொடுத்தாங்களாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லீங்க.”

ஐப்பசி மழையில் ஓடை வெறுங்கரையைக் கரைத்தது. வெள்ளையன் கல் சுமந்து அடுக்கினார். ஒரே இரவில் கல்லையும் உருட்டிக்கொண்டு போனது. மூங்கில் அடித்தார், அதுவும் நிற்கவில்லை. அந்த வளைவைத் தாண்டி பஸ் ஏறி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது குப்பாயி, “நான் வல்லீங்க, உடுங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை.

கார்த்திகையில் அடுத்த வரிசைச் செடிகளும் வேர் தெரிய ஓடைப் பக்கம் சாய்ந்தன. அடுத்த மழைக்கு நிற்காது என்று அவருக்குத் தெரிந்தது. கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, பழுக்காத காய்களைப் பச்சையாகவே உருவத் தொடங்கினார்.