ஏரிக்கு அக்கரையிலிருந்து வாங்கிய ஆட்டக்காரன்

ரக்பி என்று ஓர் ஆட்டம் இருக்கிறதாம். தடித்தடி ஆண்பிள்ளைகள் ஒரு முட்டைப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்களாம். அதில் ஒரு நாட்டுக் கிளப் இன்னொரு நாட்டு ஆளைச் சம்பளம் பேசிக் கூட்டிவருமாம். இவர்கள் பணத்துக்கு மதிப்பு ஏறினால் ஆள் வருவான், இறங்கினால் வரமாட்டான். பேப்பரில் இதைப் பெரிய ஆராய்ச்சி போல எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. அட, என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே! வெளியூர் ஆட்டக்காரனைப் பேரம் பேசி வாங்கப் போய் அடிபட்ட அனுபவஸ்தன் ஐயா நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் சடுகுடு டீமுக்கு நான் கேப்டன். கேப்டன் என்றதும் ஆட்டத்தில் சூரன் என்று நினைத்துவிடாதீர்கள். டீமுக்குப் பனியன் வாங்கிக் கொடுத்தது நான், அதனால் கேப்டன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்சிக்குள் போனேன் என்றால் திரும்பி வருவது அபூர்வம். பிடிக்கிற பக்கம் மட்டும் பரவாயில்லை. உடம்பு கனம், வந்தவன் காலைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவேன்.

அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் வந்திருந்தன. அதில் ஒன்றின் மானேஜருக்குச் சடுகுடுப் பைத்தியம். பொங்கல் கழிந்ததும் தொழிற்சாலை மைதானத்தில் போட்டி வைப்பார். கடைசி ஆட்டத்தில் கண்ணில் பட்டவர்களை அங்கேயே கூப்பிட்டு வேலை கொடுப்பார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை வேண்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கெடு வைத்துவிட்டார்.

"தபாரு, இந்தப் பொங்கலோட உன் ஆட்டம்லாம் முடிஞ்சிது. வேலை கெடைச்சா போ. இல்லன்னா ஒழுங்கா ஏரைப் புடி."

எனக்குச் சேறு என்றாலே ஆகாது. காக்கிச் சட்டை, டிபன் பாக்ஸ், காலை ரயில் என்று கண்ணை மூடினால் இதுதான். உழவு மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கழிப்பதை நினைத்தால் சோறு இறங்காது.

எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் தொழிற்சாலையின் சொந்த டீம். எங்களிடம் பிடிக்க ஆள் உண்டு, தொட்டுவிட்டுத் தப்பி வர ஒருத்தன் கிடையாது. ஆனால் நான் பதறவில்லை. பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில், மீனவர் குப்பத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தண்ணீருக்குள் முங்கிப் பழகிய நெஞ்சு, மூச்சு முடியவே முடியாது. கையைப் பிடித்தால் விரால் மாதிரி வழுக்கிக்கொண்டு போவார். போன கார்த்திகையில் ஒரு மூட்டை நெல்லைக் கொடுத்து, ஒரு வாரம் பூரா எங்களுக்கு ஆட வைத்திருந்தேன். அதிலிருந்து டீக்கடையில் எனக்கு ஒரே மிதப்பு. "நம்ம ஃபாரின் பிளேயர் இருக்கச் சொல்ல உங்களுக்கு இன்னாடா பயம்?" என்று காலை ஆட்டிக்கொண்டு கேட்பேன்.

இந்த முறை தாராளமாக இருப்போம் என்று நைனாவிடம் கெஞ்சி இரண்டு மூட்டை வாங்கி, வண்டியில் ஏற்றி, பிறகு படகில் ஏற்றி, மூட்டை மேல் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து ஏரியைக் கடந்தேன். அக்கரையில் அவர் மனைவி இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு ஒரு வேன்.

"இன்னா கேப்டன் தம்பி, மூட்டையோட வந்துக்கிற?"

"அண்ணன ஞாயித்துக்கெழமை ஆட்டத்துக்கு இட்டுக்கினு போக வந்தேங்க்கா. போன தபா ஒண்ணு குடுத்தேன். இந்த தபா ரெண்டு."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் வேன்காரன் திரும்பிப் பார்த்தான்.

"போன தபா மழை தம்பி. ஏரியில ஒண்ணியும் கெடையாது, ஊட்ல அடுப்பு எரியல. ஒரு மூட்டை மலையாட்டம் தெரிஞ்சிது. இது தை மாசம். அறுப்பு முடிஞ்சி நெல்லு ஊரெல்லாம் கொட்டிக் கெடக்குது, எவன் வாங்குறான்? எராவப் பாரு. காலைல அள்ளுனா டப்பைக் கைல குடுத்துட்டு எடுத்துக்கினு போறான். அமெரிக்காக்காரன் துன்றானாம்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அந்த விஷயத்தை டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஊருக்கே பாடம் நடத்தியவன் நான். டாலர் ஏறினால் ஏற்றுமதிச் சரக்குக்கு விலை ஏறும் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சரக்கு இறால் என்பதும், அந்த டாலர் என் டீமில் வந்து கையை வைக்கும் என்பதும் இந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

"மூணா குடுக்கறேங்க்கா."

"பத்து குடுத்தாலும் ஞாயித்துக்கெழமை முடியாது. அன்னிக்கு எங்க பாடு."

ஏரியில் மீன் நிறையக் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. குடும்பத்துக்கு இத்தனை நாளைக்கு ஒரு முறை என்று குப்பத்தில் பிரித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். தன் பாட்டு நாளில் ஒருத்தன் வராவிட்டால் வலையில் ஒரு கை குறையும், அந்தப் பங்கு போச்சு.

அவர் வலையை மடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "எனுக்கு ஆசைதான் கேப்டன்" என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணு செய் தம்பி. நெல்லு வாணாம். ஆளுக்கு ஆளு குடு. அவரு உனுக்கு ஆடட்டும். நீ வந்து எங்க வலையை இழு. எந்தம்பி கூட நிப்பான், உனுக்குச் சொல்லித் தருவான்."

நான் கணக்குப் போட்டேன். நான் கணக்குப் போட்டாலே வில்லங்கம்தான். விடியற்காலையில் வலை, உச்சிக்குள் முடிந்துவிடும். ஆட்டம் சாயங்காலம். ஓடிப்போய்ப் பனியனை மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும். அவர் தொட்டுவிட்டு வரட்டும், நான் காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன், மானேஜர் பார்க்கட்டும். சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மூட்டையையும் திரும்பப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஒருவேளை தாமதமானால் என் இடத்துக்கு எதிர்வீட்டுப் பையன் ஒருத்தனை நிறுத்திவைத்தேன். வீட்டில் கஷ்டம், நல்ல பிள்ளை, என்னைக் கண்டால் அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். "நீ இல்லாம டீமாண்ணே?" என்று அவன் ஒருத்தன்தான் வருத்தப்பட்டான். மற்றவர்கள் முகத்தில் அப்படி ஒன்றும் துக்கம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேறு ஆகாது என்று சொன்னேனே, வயலில் முழங்கால் வரைதான் சேறு. ஏரியில் இடுப்பு வரை தண்ணீர், அதற்குக் கீழே இன்னும் ஒரு முழம் சேறு. கயிறு உள்ளங்கையைத் தோலுரித்தது. அந்த அம்மாளின் தம்பி, "அண்ணே, நீ வலையை இழுக்கறியா, வலை உன்ன இழுக்குதா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். போகட்டும், உச்சிப் பொழுது வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உச்சிப் பொழுதில்தான் இறால் வந்தது. அந்த சீசனிலேயே அப்படி ஒரு வரத்து கிடையாதாம். வலையைத் தூக்கினால் உயிரோடு துள்ளுகிறது. ஆளாளுக்குக் கத்துகிறார்கள், மறுபடி வலையைப் போடுகிறார்கள்.

"மேட்ச்சுக்கு நேரமாயிடுச்சி! என்னக் கரைல உட்டுடுங்கடா!" என்று நான் அலறினேன்.

"எரா வர்ரப்ப மேட்ச்சாவது கீட்ச்சாவது! இழுண்ணே!"

எனக்கு நீச்சல் தெரியாது. படகை ஓட்டவும் தெரியாது. ஏரி நடுவில் நின்றுகொண்டு வானத்தையும் சூரியனையும் திட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. திட்டினேன். ஊரில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் அன்றைக்குத் தீர்ந்துபோயிற்று.

கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தம்பிக்காரன் கண் கலங்குகிற அளவுக்குச் சந்தோஷத்தில் இருந்தான். வீட்டுக்கு வைத்துக்கொள் என்று ஒரு கூடை இறாலை என் கையில் திணித்தான். வேன்காரன் என்னைப் படகில் இக்கரை சேர்த்து, அங்கே நின்றிருந்த தன் கூட்டாளியின் வண்டியில் ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்துக் கும்மிடிப்பூண்டி மைதானத்து வாசலில் இறக்கிவிட்டான். கீழே வைக்க இடமில்லாமல் கூடையோடு ஓடினேன்.

ஆட்டம் முடிந்திருந்தது. ஜெயித்துவிட்டோம். நம் ஆளைத் தோளில் தூக்கிவைத்து ஆடிவிட்டு, அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற மானேஜர் அவர் முதுகைத் தட்டி, "பெர்மனென்ட் வேலை, மாசச் சம்பளம், என்ன சொல்றே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோச்சிக்காதீங்க சார். மாசம் பூரா காத்துக்கினு இருந்து வாங்கற டப்பு, எரா நல்லா வந்தா எங்களுக்கு ரெண்டு பாட்டுல வந்துரும். மழைக் காலத்துல கூப்புடுங்க, வரேன்."

மானேஜர் சிரித்துவிட்டு, எதிர்வீட்டுப் பையன் பக்கம் திரும்பினார். அவன் என் பனியனைப் போட்டிருந்தான். தொளதொளவென்று தொங்கியது. "நீ நல்லாப் பிடிச்சேப்பா. நாளைக்குக் காலையில் கேட்டுக்கு வந்துடு. வேலை உனக்கு."

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "சார்" என்றேன்.

மானேஜர் என்னைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தார். "அடடே, இறாலா! துள்ளுதே! கூடை என்ன விலை?"

நம் ஆள்தான் முன்னால் வந்து, "சார், அவரு எங்க கேப்டன்" என்றார்.

"கேப்டனா? ஆட்டத்தில் பார்க்கலையே?"

"இன்னிக்கி எனுக்குப் பதிலா அவருதான் எங்க வலைல இருந்தாரு சார்."

உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அரை டிராயரும் இடுப்பு வரை சேறுமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு மானேஜர் அதை நல்ல தமாஷ் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஒரு நோட்டை எடுத்து என் சட்டைப் பையில் செருகி, "ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்துடுப்பா" என்றார். பிறகு எதிர்வீட்டுப் பையனிடம், "இதை ஜீப்பில் வை" என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து கூடையின் விளிம்பைப் பிடித்தான். என் கை விடவில்லை. மெதுவாக இழுத்துப் பார்த்தான்.

"உடுண்ணே" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "சார் பாக்கறாரு."

விட்டேன்.