தோசைக்கல்லில் போன வாயு

நேற்று குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்குப் போகிற வழியில் கோபி மஞ்சூரியன் வண்டிக்காரர் வாணலியில் வினிகரை ஊற்றினார் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காரமாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்ல? வினிகர் என்றாலே எனக்குக் கோமதி ஞாபகம்தான்.

இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளியில் நாங்கள் இருவரும் அப்போது வேதியியல் டீச்சர்கள். நான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மிடுக்காக நடப்பதோடு சரி, கணக்கெல்லாம் அவள்தான். இத்தனை கிராம் சமையல் சோடா, இவ்வளவு வினிகர், வருகிற வாயு இவ்வளவு என்று முதலிலேயே பலகையில் எழுதிவிடுவாள். தீ கிடையாது, வெடிக்கிற சமாச்சாரம் கிடையாது. பாட்டில் வாயில் பலூனை மாட்டிச் சோடாவை உள்ளே தட்டினால் பலூன் உப்பி, அவள் வளைத்து வைத்த கம்பி வளையத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் கைதட்டித் தீர்ப்பார்கள்.

அவளுக்குத் தற்காலிக வேலைதான். தாளாளர் வகுப்பைப் பார்க்க வருகிறார், பிடித்துப்போனால் நிரந்தரம் என்றார்கள்.

"இது ஆகலன்னா வீட்டுல கெடந்து சோத்தப் பொங்குன்னு அவுக சொல்லிட்டாவட்டி" என்றாள். அவுக என்றால் கணவர், போலீஸ்காரர்.

அன்றைக்குப் பலூன் பாதிதான் உப்பியது. வளையம் எங்கேயோ, பலூன் எங்கேயோ. தாளாளர் எழுந்து போய்விட்டார். பாவி மனுஷன், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா?

கோமதி பலூனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எடை போட்டு வச்ச சோடா சாரல்ல கட்டிதட்டிட்டுன்னு காலைல தோசக்கல்லுல போட்டு வறுத்தேம்ட்டி. சூட்டுல பாதி வாயு அங்கனயே போயிட்டு."

பலகையில் கணக்குப் போட்டும் காட்டினாள். சரியாகப் பாதி. "கணக்கு தப்பலட்டி" என்று சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

அதோடு வேலை போயிற்று. ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இந்தக் கல்லுதாம்ட்டி அது" என்றாள்.

போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் லேப் இருந்த அறையில் இப்போது பெரிய திரை வைத்திருக்கிறார்கள். அதில் ஓடுகிற வீடியோவில் பலூன் ஒவ்வொரு தடவையும் முழுசாக உப்புகிறது. பாதியில் நின்ற பலூனைப் பார்த்து, கணக்கு தப்பவில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.