மழைக்கு இரண்டு கார்டு

நைனாவின் ஆக்சிஜன் மெஷினுக்கு ஒரு சத்தம் உண்டு. உள்ளே ஏதோ உருளும், பிறகு புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் உருளும். அது எங்கள் வீட்டுக்கு வந்தது தைப்பூசத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பொங்கலன்று நைனா வாசல் வரை நடந்துவந்து கரும்பு வாங்கினார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே அம்மா சொல்வது தவறு.

நைனா, எங்கள் அப்பா, டிரெய்லர் ஓட்டியவர். கும்மிடிப்பூண்டியில் உருட்டிய கம்பிகளை ஏற்றிக்கொண்டு எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, நெல்லூர், விஜயவாடா என்று போய்வருவார். நுரையீரல் இறுகும் நோய் வந்து வண்டியைவிட்டு இறங்கினார். அடுத்த சில வருடங்களில் நடையும் குறைந்து, மூக்கில் குழாயோடு முன்னறையின் சாய்வுக் கட்டிலில் வந்து நின்றது அவருடைய நெடுஞ்சாலை. குழாயை எடுத்தால் சிறிது நேரத்திலேயே உதடு நீலம் பாயும். கரண்ட் போனால் மெஷின் நீளமாகக் கத்தும். உடனே சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மீஞ்சூரிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும் சிலிண்டர் ஒன்று கட்டிலின் தலைமாட்டில் எப்போதும் நிற்கும். அதைத் திறக்கும் ஸ்பேனர் அதன் கழுத்திலேயே ஒரு கயிற்றில் தொங்கும். அந்த ஸ்பேனரை யாரும் வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் தம்பி ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டினான்.

தம்பி இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் எலக்ட்ரீஷியன். லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஒருநாள் தன் பழைய கம்ப்யூட்டரில் போட்டு நைனாவிடம் காட்டினான். நைனா முதலில் சிரித்தார். "இன்னாடா இது, கியர் மாத்தசொல்ல வண்டி முக்கவே இல்ல?" என்றார். அடுத்த வாரம் அவரே கேட்டார். ஆடி அமாவாசைக்குள் ஸ்டீயரிங் ஒன்று வந்துவிட்டது. அம்மாவின் தையல் மெஷின் மேசையில் அதைப் பொருத்திக் கட்டிலோடு ஒட்டிப் போட்டோம். அன்று மாலை நைனா தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள்.

பிறகுதான் நைனாவின் குறைகள் வரத் தொடங்கின. ஒரு திரை போதாது. டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். ஆகவே மூன்று திரை. மூன்று திரைக்குப் படம் வரைய ஒரு கிராபிக்ஸ் கார்டு திணறும். ஆகவே இரண்டு. இந்த இடத்தில் தம்பி இரண்டு வழிகளைக் கொண்டுவந்தான்.

முதல் வழி, சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பழையதாகக் கிடைக்கும் பெரிய கார்டுகள் இரண்டு. செங்கல் கனம், ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி. நடுவில் பிரிட்ஜ் என்கிற ஒரு சின்னப் பட்டையை மாட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே கார்டுபோல வேலை செய்யும். இரண்டாவது வழி, புதிய சிறிய கார்டுகள் இரண்டு. அவை சேர்ந்து உழைக்காது. ஒன்று நடுத்திரையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது பக்கத் திரைகளை. சூடு குறைவு, கரண்ட் மிகக் குறைவு. ஆனால் விளையாட்டில் வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் குறைத்துவைக்க வேண்டும். மழையை முழுவதுமாக நிறுத்த வேண்டும்.

நான் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது, சென்னைப் பையன்கள் எழுதியது, எல்லாம். யாரும் எங்கள் தெருவை மனதில் வைத்து எழுதவில்லை. இந்தப் பக்கத்து இரும்பாலைகளில் உலை ஏறும்போது வீட்டு விளக்கு மஞ்சளாகும். அப்படி ஒரு இடத்தில், உயிர்க்காற்று ஓடும் அதே வீட்டில், அத்தனை கரண்ட் இழுக்கும் கார்டுகளைப் பூட்டக்கூடாது என்று எனக்குப் பட்டது. சிறிய கார்டே போதும் என்றேன்.

நைனா குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "மழ வராதா?"

"வராது நைனா. ரோடு, வண்டி எல்லாம் வரும்."

"நெல்லூர் தாண்டுனா மழ வராம எப்டிடா? வைப்பர் போட்டு ஓட்டுனாதான் அது ஓட்டறது. வெயில்ல எவன் வேணா ஓட்டுவான்."

தம்பி என்னைப் பார்த்தான். பெரிய கார்டுதான் என்று முடிவாகிவிட்டது.

ஒரு பெரிய பவர் சப்ளை வாங்காமல், தம்பி தன்னிடம் இருந்த நடுத்தர சப்ளைகள் இரண்டைச் சேர்த்தான். கார்டுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே லைனில் போட்டால் தாங்காது என்று ஆலையில் செய்வதுபோல லோடைப் பிரித்தான். எங்கள் வீட்டுக்கு மும்முனை இணைப்பு. ஒரு சப்ளை முதல் ஃபேஸில், மற்றது மூன்றாவது ஃபேஸில், வீட்டு விளக்கும் நைனாவின் மெஷினும் வழக்கம்போல நடு ஃபேஸில்.

"ஒரே டப்பாக்குள்ள ரெண்டு பேஸா?" என்றேன். "நியூட்ரல் கழண்டா நானூறு வோல்ட்டுடா."

"அண்ணா, நீ படிச்சிப் படிச்சியே பேஜாராயிட்ட. மில்லுல நான் தெனம் இதத்தான் செஞ்சிகினு கீறேன். மூணு மாட்டையும் ஒரே ஏருலயா கட்டுவாங்க?"

அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னான். "யம்மா, இது ஓடசொல்ல பேஸ் மாத்தற சுவிட்ச்ச தொடாத. கேட்டியா?"

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்?" என்றாள் அம்மா.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் தெருவில் அந்தச் சுவிட்ச் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி, கையோடு ஒட்டியது. ஒரு ஃபேஸில் வோல்டேஜ் இறங்கினால், வீட்டு விளக்குகளை அடுத்த ஃபேஸுக்கு மாற்ற அதன் திருகைத் திருப்புவார்கள். நல்ல ஃபேஸை முதலில் கண்டுபிடித்த வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார், கத்துவார். தெருவே அந்த ஃபேஸுக்குப் பாயும். உடனே அதுவும் இறங்கும். அதனால் நல்ல ஃபேஸ் தெரிந்தால் சிலர் ரகசியமாக வைத்துக்கொள்வதும் உண்டு. எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் மட்டும் வந்து காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவாள். விளக்கு மங்கினால் யோசிப்பதற்கு முன்பே அம்மாவின் கை திருகில் இருக்கும். மெஷின் வந்தபிறகு அந்த வேகம் இரண்டு மடங்காகிவிட்டது. மெஷினுக்காகத்தான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு பிற்பகல், எல்லாம் தயாரானது. வெயில் உக்கிரமாக இருந்தது. இரும்புத் தூசிக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்திருந்தோம். நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். தம்பி பொத்தானை அழுத்தியதும் ஆறு விசிறிகளும் எழுந்தன. கேபினட்டின் பின்பக்கம் கையை வைத்தேன். பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காலில் படுமே, அந்தச் சூடு.

மழை வந்தது. மூன்று திரையிலும். கண்ணாடியில் துளிகள் விழுந்து காற்றில் மேல்நோக்கி ஓடின. சாலையில் முன்வண்டியின் சிவப்பு விளக்கு நனைந்து நீண்டு கிடந்தது. நைனா வைப்பரைப் போட்டார். பிறகு குறுக்கே வந்த ஒரு காரைப் பார்த்து, "டேய் சாவுகிராக்கி, இன்டிகேட்டர் ஊட்ல வெச்சிட்டு வந்தியா?" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாகூட வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, மெதுவாத்தான் போங்களேன்."

"லோடு ஒண்ணும் இல்லடி. காலி வண்டி."

அம்மா தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அதுவும் மூன்றாவது ஃபேஸ்தான். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. மேலே விளக்கையும் கீழே மெஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

விளக்கு மங்கியது. மெஷினின் உருளல் கனத்தது, மேட்டில் ஏறும் வண்டிபோல. தெருவில் யாரோ கத்தினார்கள்: "மூணாவது பேஸ் நல்லா கீது!" பின்னாலேயே எதிர்வீட்டு அக்காவின் குரல்: "யக்கா, மாத்து, மாத்து!"

தம்பி "யம்மா!" என்று எழுவதற்குள் அம்மா திருகிவிட்டாள்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெஷின் நிமிர்ந்தது. சில நொடிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்குள் தெருவும் பாய்ந்திருக்க வேண்டும். வோல்டேஜ் இறங்கியது. வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் சப்ளை இன்னும் அதிகமாகக் கரண்ட் இழுக்கும் என்று நான் படித்திருந்தேன். வாசல் பலகையில் பட்டென்று ஒரு சத்தம். மூன்றாவது ஃபேஸின் ஃபியூஸ் எரிந்துபோனது. விளக்கு, மோட்டார், இரண்டாவது கார்டு எல்லாம் செத்தன. நைனாவின் மெஷின் நீளமாகக் கத்தத் தொடங்கியது.

திரைகள் முதல் ஃபேஸில் இருந்ததால் அணையவில்லை. மழை அப்படியே நின்றது. ஒரு துளி கண்ணாடியின் நடுவில், ஓடிக்கொண்டிருந்த இடத்தில், உறைந்து நின்றது. மூடிய அறையில் அந்தப் படத்தின் வெளிச்சம் மட்டும்தான்.

தம்பி ஃபியூஸைப் பார்க்க வாசலுக்கு ஓடினான். சுவிட்சைப் பழைய ஃபேஸுக்கே திருப்பலாம் என்று அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றவில்லை. நான் சிலிண்டருக்குப் பாய்ந்தேன். குழாயை மாற்றி மாட்டினேன். கயிற்றைத் தேடினேன். கயிறு இருந்தது. ஸ்பேனர் இல்லை.

"ஸ்பேனர் எங்க? யம்மா, ஸ்பேனர்!"

"அதுலதானடா இருக்கும், எப்பவும் அதுலதானடா!" அம்மா கட்டிலுக்கு அடியில் தடவினாள், தலையணையைத் தூக்கினாள், கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் வால்வை வெறும் விரலால் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. என் கை வேர்த்து வழுக்கியது. நைனாவின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. நெஞ்செலும்புக்கு மேலே உள்ள குழி உள்ளே உள்ளே போனது. அந்தக் குழியை நான் இன்றும் பார்க்கிறேன், பஸ்ஸில், வேலையில், சாப்பிடும்போது.

நைனாவுக்குப் பேச மூச்சு இல்லை. இடது கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. வலது கையை எடுத்து மேசையின் பலகையைத் தட்டினார். நான் அவர் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். மறுபடியும் தட்டினார். பிறகு விரலைக் கீழே காட்டினார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கிளாம்பின் போல்ட்டில் அந்த ஸ்பேனர் கவ்விக்கொண்டு நின்றது. காலையில் ஆட்டம் கண்டிருந்த போல்ட்டை இறுக்கத் தம்பி எடுத்திருக்கிறான். நைனா பார்த்திருக்கிறார். தன் வண்டியின் ஸ்டீயரிங்கை இறுக்குவதற்கு எவன் தடை சொல்வான்?

வால்வு திறந்து காற்று சீறியதும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நைனாவின் உதடு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. தம்பி ஃபியூஸ் கட்டையைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றான். அம்மாவிடம் கத்துவான் என்று நினைத்தேன். அவன் ஸ்பேனரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கட்டையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் கழட்டிடறேன் நைனா," என்றான்.

நைனா வேண்டாம் என்று தலையாட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "வண்டிய... ஏன்டா... கழட்டற? மழய மட்டும்... நிறுத்து."

ஐப்பசி பிறப்பதற்குள் பெரிய கார்டுகள் ரிச்சி தெருவுக்கே திரும்பிப்போயின. சிறிய கார்டுகள் இரண்டு வந்தன. ஒரே சப்ளை, ஒரே ஃபேஸ். அந்த ஸ்பேனரைப்போலவே இன்னொன்று வாங்கி ஜன்னல் கம்பியிலும் கட்டினோம். ஃபேஸ் மாற்றும் திருகின் மேல் தம்பி ஒரு மூடி போட்டான். இப்போதும் விளக்கு மங்கினால் அம்மா எழுந்துவிடுவாள். பாதி வழியில் நின்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, எங்களில் யாராவது போய்த் திருப்பும்வரை அங்கேயே நிற்பாள்.

நைனா வெயிலில் ஓட்டுகிறார். எங்கள் சாலையில் இப்போது எப்போதும் வெயில்தான். வைப்பரை மட்டும் சில சமயம் போட்டுப் பார்த்து அணைத்துவிடுவார். எனக்கு அந்தப் பயம் போகவில்லை. அவர் ஓட்டும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்றை அவர் புதிதாகப் பழகிக்கொண்டார். உலை ஏறி விளக்கு மஞ்சளானதும், எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. யாரையும் கூப்பிடுவதில்லை. இடதுபக்க இன்டிகேட்டரைப் போடுகிறார். வேகத்தைக் குறைத்து, டிரெய்லரை மெல்லச் சாலையோரம் ஒதுக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்துகிறார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிலிண்டரின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மெஷின் உருளுகிறது, பெருமூச்சு விடுகிறது. அடுத்த பெருமூச்சு வரும்வரை நாங்கள் நான்கு பேரும் பேசுவதில்லை.