வாயைத் தொடாத வைத்தியம்

ஃப்ரேம் அக்காவுக்கு ஊசி என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். யாராவது "கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தால் அதைவிடப் பயம். பயப்படுவதற்கென்று ஒரு உத்தியோகம் இருந்திருந்தால் இந்நேரம் மேலதிகாரியாகியிருப்பாள். கிடைத்ததென்னவோ மூக்குக்கண்ணாடிக் கடை வேலை.

வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, ஃப்ரேமை மூக்கில் ஏற்றி, காதோரம் சரிசெய்து, மேசைக் கண்ணாடியை அவர்கள் பக்கம் திருப்ப வேண்டும். அப்போது அவள் முகமும் பக்கத்திலேயே இலவசமாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக அதில் ஒரு தொந்தரவும் இல்லை. போன வருடம் சர்க்கரை வந்தது. அரை வயிறு சாப்பிட்டு ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறக்கினாள். சர்க்கரையும் இறங்கியது, கூடவே முகமும் இறங்கியது. கன்னங்கள் இரண்டும் கொடியில் போட்ட ஈரத் தலையணை உறை மாதிரி தாடையோரம் தொங்கின.

ஒருநாள் அவள் வயதுக்காரி ஒருத்தி பழுப்பு ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல நான் உங்கள மாதிரியே இருக்கேன். வேற காட்டுங்க."

முதலாளி காதில் அது விழுந்துவிட்டது. மறுநாள் காலை வந்தார்.

"கொஞ்சம் பேசணும்க்கா. உள்ளே லென்ஸ் தேய்க்கிற ரூம்ல ஏசி இருக்கு, உக்காந்தே பாக்கலாம். அங்க மாறிக்கிறீங்களா?"

அந்த அறையில் ஒரு மனுஷ முகமும் கிடையாது. அக்காவின் பயப் பட்டியலில் அதுவும் சேர்ந்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் தைரியம் சொல்லி, தோல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மருத்துவர் நிறுத்தி நிதானமாகப் பேசுகிற அம்மா. நூல் போட்டுத் தூக்கலாம், ஜெல் நிரப்பலாம், தாடையைக் கீழே இழுக்கிற தசைக்கு ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம், தோலுக்கு உள்ளே சூடு கொடுக்கும் மெஷின் வைக்கலாம் என்றார்.

"எது சீக்கிரம் தெரியும்?" என்றாள் நாத்தனார், முகம் தன்னுடையது மாதிரி.

"நூல். அடுத்தது ஊசி. அவசரமில்ல, யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

யோசிப்பதில் நாத்தனாருக்கு நம்பிக்கை கிடையாது. புதன்கிழமை சாயங்காலம் கட்டுப்போடும் பேப்பர் டேப் ஒரு உருளையோடு வந்தாள்.

"போட்டுப் பாத்துட்டே முடிவு பண்ணலாம், அண்ணி. உங்க கடையில ஃப்ரேமை மாட்டிப் பாக்காம யாராச்சும் வாங்குறாங்களா?"

கன்னத்தை இழுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். வாயோரத்தை இழுத்து இன்னும் இரண்டு ஒட்டினாள். முடியால் மறைத்தாள். பத்து வயது குறைந்திருந்தது. வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருப்பதுபோல இருந்தது அக்காவுக்கு. அதற்கும் கொஞ்சம் பயந்து வைத்தாள்.

ஆறு மணிக்கு அவள் புருஷன் வந்தார். லேத் பட்டறையில் இரும்பு கடைந்து கடைந்தே காது போன மனிதர். அதனால் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அக்காவின் வாயைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வார். அவள் பல் தேய்த்துக்கொண்டே திட்டினாலும் ஒரு சொல் தப்பாது. மூடிய பஸ் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்ட ஜோடி அது. வெளியாட்கள் பேசுவதுதான் பிடிபடாது. திரும்பக் கேட்கக் கூச்சம். அதனால் அவர்களுக்கென்று ஒரு தலையாட்டல் வைத்திருந்தார். இரண்டு தரம் கீழே, ஒரு ஓரச் சிரிப்பு. கடைக்காரருக்கு, கண்டக்டருக்கு, கூடப் பிறந்த தங்கச்சிக்குக்கூட அதுதான்.

வாசலில் நின்று அக்காவைப் பார்த்தார். கண் விரிந்தது.

"கேஸ் தீந்துடுச்சு. வேற சிலிண்டர் மாட்டிக் குடுங்க" என்றாள் அக்கா.

அவர் வாயைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார். பிறகு இரண்டு தரம் தலையாட்டி, ஓரமாகச் சிரித்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார்.

அக்கா டேப்பை இழுத்துப் பிய்த்தாள்.

"ஐயோ, மெதுவா அண்ணி! தோலோட வருது!"

"அவர் எனக்குத் தலையாட்டிட்டாருடி."

"அதுக்கென்ன? எனக்குப் பதினஞ்சு வருஷமா ஆட்டுறாரு" என்று சிரிக்க ஆரம்பித்த நாத்தனார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். டேப் உருளையை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை அக்கா புருஷனையும் கூட்டிக்கொண்டு மூன்று மாடியும் படியேறியே போனாள். மருத்துவர் கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டாள்.

"எதையாச்சும் பண்ணுங்க டாக்டர். என் வாய் மட்டும் இப்ப எப்படி ஆடுதோ அப்படியே ஆடணும். இவரு அதை வெச்சுத்தான் என்னைக் கேக்குறாரு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ ஊசி வேணாம். நூலும் வேணாம். காதோரமா, கன்னத்துல மட்டும் சூட்டு மெஷின் வைக்கலாம். ஆனா மூணு மாசம் ஆகும். ஏறுறதும் கொஞ்சம்தான்."

"எங்க முதலாளி கண்ணுக்குத் தெரியுமா?"

"சத்தியமா சொல்ல முடியாதும்மா."

லென்ஸ் அறை அக்காவின் கண்முன் வந்து போனது. "பரவால்ல. அதையே வைங்க."

மருத்துவர் வெள்ளைப் பென்சிலை எடுத்தார். புருஷனை எதிரே ஸ்டூலில் உட்காரச் சொன்னார், கடையில் ஃப்ரேம் போட வருகிறவர்கள் உட்காருவதுபோல, முட்டிக்கு முட்டி.

"சத்தமில்லாம அவர்கிட்ட எதாச்சும் பேசுங்க. அசையுற இடத்தைச் சுத்திக் கோடு போட்டுக்கறேன். அதுக்குள்ள மெஷின் வராது."

அக்கா பேசினாள். சிலிண்டர், கரன்ட் பில், குளியலறைக் குழாய். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு வாயைச் சுற்றி, மூக்கோரம் ஏறி, மோவாயில் இறங்கியது. மெஷின் ஒருதரம் கீச்சென்று கத்தியது. அக்கா இன்னும் ஏதோ சொன்னாள். மோவாய் நடுங்கியது, கன்னத்தில் புதிதாக ஓர் இடம் துடித்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, பழைய கோட்டை அழித்து ஒரு விரல் தள்ளிப் போட்டார்.

புருஷன் தலையாட்டவில்லை. தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்கு என்றைக்கும் தெரியாது. காத்திருப்போர் கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"எனக்கும்தான் பயமா இருக்கு! கையைக் குடு!"