நாலு பிடி வைத்த ரியூப்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு கரிய வளையம் இருக்கிறது. யாரும் வரைந்ததல்ல. ஒரே ஆணியில் ஒரே பொருள் வருடக்கணக்காகத் தொங்கியதில் அதன் கறுப்பு சுண்ணாம்பில் ஊறி நின்றுவிட்டது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் மறையவில்லை. இன்று அந்தப் பொருள் ஆணியில் இல்லை. வெளியே வாடைக்காற்று பனைகளைப் பிடித்து உலுப்புகிறது. கைத்தொலைபேசியை மேசையில் முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வளையத்தைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன்.

அங்கே தொங்கியது ஒரு லொறி ரியூப், சில்லுக்குள் காற்றடைக்கிற ரப்பர் வளையம். என் மாமியாருடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மாமி என்றே கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நான் வேலணையில் பிறந்தவன். தீவு என்று பெயரே தவிர, பாலத்தால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்வரும் ஊர் அது. நெடுந்தீவுக்கு உத்தியோகமாக வந்து, இங்கேயே கலியாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டேன். வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இந்த ஊரில், கமம் செய்து பயிர் விளைவிக்கிற குடும்பத்துப் பெண்கள் அநேகருக்கு நீச்சல் தெரியாது. கடலைத் தினமும் பார்ப்பார்கள், அதன்மேல் போய்வருவார்கள், முழங்காலுக்கு மேல் அதில் இறங்கமாட்டார்கள். கடல் மீன்பிடிக்கிறவர்களுடையது, தங்களுடையது கற்சுவருக்கு உட்பட்ட வளவும் மாடும் என்பது போல ஒரு பிரிவு. மாமியும் அப்படித்தான். கடலில் கால் நனைத்ததைக்கூட நான் கண்டதில்லை.

ஆனால் படகேறுகிற நாளெல்லாம் காற்றடித்த லொறி ரியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் துறைக்கு வருவார். நல்ல சேலை, கையில் குடை, காதில் கல்லுத்தோடு, தோளில் ஒரு கரிய வளையம். கலியாண வீட்டுக்குப் போனாலும் அதே கோலம். என் மனைவி துறைக்கு வரும் வழியிலேயே பத்தடி பின்னால் நடக்கத் தொடங்கிவிடுவாள். துறையில் நிற்கிறவர்கள் விடுவார்களா?

"என்ன மாமி, லொறியை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"பின்னாலை வருது. நீ முன்னாலை ஏறு" என்பார் மாமி. முகத்தில் ஒரு சிரிப்பும் இராது. படகில் ஏறி இருந்ததும் ரியூப்பைக் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். யார் கைக்குழந்தையோடு வந்திருக்கிறார்கள், யார் வயதானவர் என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கப் பல பயணங்கள் எடுத்தன.

அந்த ரியூப்பில் அவரே ஒரு வேலை செய்திருந்தார். தென்னந்தும்புக் கயிற்றைச் சுற்றிவரக் கட்டி, நான்கு இடத்தில் கை நுழைகிற அளவுக்குப் பிடி விட்டிருந்தார். கனடாவில் இருக்கிற மகன், தாயின் கூத்தைக் கேள்விப்பட்டு, செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி ஒன்று அனுப்பினான். மாமி அதைப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து, கழற்றி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். "நல்ல சாமான்தான். ஆனா ஒரு ஆளுக்குத்தான் உதவும்" என்றார். பிறகு அது அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை.

எதற்கும் காரணமும் நாளும் தேடிக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஊரில் எந்தக் கேணி எப்போது வெட்டப்பட்டது, எந்தப் புயலில் எந்தக் கோயில் கூரை போனது என்று கேட்டு எழுதுவது என் பொழுதுபோக்கு. மாமியின் ரியூப்புக்கும் ஒரு தொடக்கம் இருக்கும் என்று நம்பினேன். இந்தக் குடும்பத்தில் யாரோ கடலில் போயிருக்க வேண்டும். அண்ணனோ, பிறந்த ஒரு பிள்ளையோ. நான் வாசித்த புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. ஒரு தடவை கையறு நிலையில் நின்ற மனிதர்தான் வாழ்நாள் முழுவதும் ஆயத்தமாக நிற்பார் என்று. மாமனாரைக் கேட்டேன். "எங்கடை பகுதியிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையே" என்றார். மாமியின் அக்காவைக் கேட்டேன். அவரும் இல்லை என்றார். மாமியையே கேட்டபோது, "நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

சமாதான ஒப்பந்தம் வந்து சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நண்பகல் அது. மறுகரையில் உள்ள குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்துநின்றோம். ஆசிரியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், ஐஸ் பெட்டியோடு ஒரு மீன் வியாபாரி, நானும் மாமியும். மாமி யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடையில் காற்று அடிப்பித்துக்கொண்டு வந்திருந்தார். ரியூப் கல்லுப்போல இறுகி இருந்தது. வெயில் ஏற ஏற அது இன்னும் விம்மியிருக்க வேண்டும். வியாபாரி வழக்கம்போலத் தொடங்கினார்: "அக்கா, உங்களை மாதிரிப் பயந்தாங்கொள்ளி ஒராளை இந்தத் தீவுப்பகுதியிலை..."

ரியூப் வெடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதத் தேவையுமில்லை, எங்கள் வயதுக்காரருக்கு அது எந்தச் சத்தம் என்று தெரியும். அடுத்து எனக்கு நினைவிருப்பது என் கன்னத்தில் சுட்ட சீமெந்துதான். கந்தோர்ப் பை என் தலைமேல் இருந்தது. நானே வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்தால், துறை முழுவதும் ஆட்கள் குப்புறக் கிடந்தார்கள். ஆசிரியை ஒருவர் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைத் தன் வயிற்றுக்குக் கீழே இழுத்து மூடியிருந்தார். வியாபாரி ஐஸ் பெட்டிக்குப் பின்னால் வாயைத் திறந்து வைத்தபடி கிடந்தார். செல் என்கிற எறிகணை விழும்போது வாயைத் திறந்து வைக்க வேண்டும் என்று எப்போதோ பழகியது. அவ்வளவு பேருக்குள் நின்றுகொண்டிருந்தது மாமி ஒருவர்தான். கையில் குடை, தோளில் கிழிந்த ரப்பர்.

"எழும்புங்கோ, எழும்புங்கோ" என்றார். "லொறிக்கு ரயர் வெடிச்சிட்டுது."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு வியாபாரி எழுந்து சாரத்தில் ஒட்டிய தூசியைத் தட்டினார். சிரிக்க முயன்று முடியாமல் ஐஸ் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டார். ஒரு பெண் விம்மி அழுதாள். அன்று படகில் யாரும் யாரையும் பகிடி பண்ணவில்லை. ஆயத்தம் என்பது மாமியிடம் மட்டும் இருந்த ஒரு கிறுக்கு அல்ல என்று அன்றைக்கு நான் எழுதி வைத்தேன். எங்கள் ஒவ்வொருவருடைய உடம்பும் கட்டிய மூட்டையாகத்தான் திரிந்தது. மாமியுடையது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் வேறொரு வித்தியாசமும் இருந்தது. அதைக் காண எனக்கு இன்னும் காலம் எடுத்தது.

புது ரியூப் வந்தது. அதே கயிறு, அதே நாலு பிடி. ஆனால் அதன் பிறகு மாமி அதை இறுக்கி நிரப்பவே இல்லை. பெருவிரலால் அமர்த்தினால் பழுத்த மாம்பழம்போல உள்ளே போய், விட்டதும் திரும்பி வர வேண்டும். "பெருவிரலுக்கு இடம் விடோணும்" என்பார். ஒவ்வொரு காலையும் முற்றம் கூட்டி முடிந்ததும், சுவரில் தொங்குகிறதை ஒரு தடவை அமர்த்திப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் நாடி பார்க்கிற முகம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள். முதல்நாள் ஏற்றிய சுட்டி விளக்குகள் இன்னும் வாசற் படலையடியில் கிடந்தன. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படிக் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கூப்பிட்டாள். நிலத்தில் இரத்தம். தீவு ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்த்துவிட்டு ஒரே சொல்லாகச் சொன்னார்: இங்கே வைத்திருக்க ஏலாது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும், இப்பவே. நோயாளரை ஏற்றுகிற படகு அன்று காலை இன்னொருவரோடு போய்விட்டிருந்தது. அது திரும்பும்வரை பொறுக்க முடியாது. வாடை எதிர்க்காற்றாக அடித்துக்கொண்டிருந்தது. மீன்பிடி வள்ளக்காரர் ஒருவர் மட்டும் வர ஒப்புக்கொண்டார்.

அவள் கிடந்த கட்டிலோடு துறைக்குத் தூக்கி வந்தோம். மருத்துவமாது கூட வந்தார். மாமி வீட்டுப் பக்கம் ஓடிப் போய், ரியூப்போடு வந்து நின்றார். வள்ளக்காரர் தலையில் கை வைத்தார். "அம்மா, கால் வைக்க இடமில்லை. உந்த ரியூப்பை விட்டிட்டு ஏறுங்கோ."

"நான் நிண்டுகொண்டு வாறன். இது வரட்டும்."

வாக்குவாதம் செய்ய நேரமில்லை. அவளை அடிப்பலகையில் கிடத்தி, ரியூப்பையும் ஏற்றினோம்.

துறையின் மறைப்பைத் தாண்டியதும் கடல் தன் முகத்தைக் காட்டியது. வள்ளத்தின் முன்பக்கம் அலையில் ஏறி, ஒரு கணம் வெறும் வெளியில் நின்று, பலகையே பிளந்துவிடும்போல அடியில் வந்து மோதும். ஒவ்வொரு மோதலுக்கும் என் மனைவி ஒரு சத்தம் போட்டாள். அது அழுகை அல்ல, காற்றுப் போவது போன்ற ஒரு சத்தம். மருத்துவமாது துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உந்த அடி அடிச்சா இரத்தம் நிக்காது. அடி படக்கூடாது." வள்ளக்காரர் வேகத்தைக் குறைத்தார். குறைத்தால் நேரம் போகும், கூட்டினால் அடி விழும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மாமிதான் ரியூப்பை இழுத்து வள்ளத்தின் அடியில் போட்டார். நடு ஓட்டைக்குள் வள்ளத்தில் கிடந்த சாக்கைத் திணித்தார். தன் மேற்போர்வையை மேலே விரித்தார். "தூக்குங்கோ தம்பி, இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்கோ." அவளை இடப்பக்கம் சரித்து அதன்மேல் கிடத்தினோம். அடுத்த அலையில் வள்ளம் மோதியது. ரியூப் அமர்ந்து, அந்த அடியை வாங்கிக்கொண்டு, மெதுவாக எழுந்தது. என் மனைவியிடமிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. இறுக்கி நிரப்பியிருந்தால் பந்துபோல அவளைத் தூக்கி எறிந்திருக்கும். பெருவிரலுக்கு விட்ட இடம்தான் அவளைத் தாங்கியது.

ஆனால் நனைந்த பலகையில் ரியூப் வழுக்கியது. "பிடியிலை பிடியுங்கோ!" என்று மாமி கத்தினார். ஒரு பிடியில் நான், ஒன்றில் மருத்துவமாது, ஒன்றில் மாமி. நாலாவதை என் மனைவியின் கையில் வைத்து விரல்களை மூடினார். "இதை நீ பிடி, பிள்ளை. விடாதை." வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்க ஒருவருக்கும் கை மிச்சமில்லை. கடலில் கால் நனைக்காத மாமி, வள்ளத்துக்குள் தெறித்து நின்ற கடல் தண்ணீரில் முழங்கால் நனைய மண்டியிட்டு, அலைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "வருது... வருது... பிடி. போயிட்டுது. மற்றது வருது." குறிகட்டுவானில் நின்ற அம்புலன்ஸின் வெள்ளை தெரியும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. அதைக் கண்ட பிறகும் அவர் பிடியை விடவில்லை. கயிறு அறுத்து அவருடைய உள்ளங்கையில் இரத்தம் கசிந்திருந்தது.

பின்னேரம் பெரியாஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். தாய்க்குப் பலரிடம் இரத்தம் வாங்கி ஏற்றினார்கள். இருவரும் தப்பிவிட்டார்கள் என்று தாதி வந்து சொன்னபோது, மாமி விறாந்தையில் ரியூப்பின் மேலேயே இருந்தார். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"மாமி, இப்பவாவது சொல்லுங்கோ. ஆர் கடலிலை தாண்டு போனது?"

மாமி கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி இருந்தார். "ஒருத்தரும் இல்லைத் தம்பி. எத்தினை வீட்டிலை எத்தினை பேர் போச்சினம். எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் எனக்குப் பயம்."

நான் வாசித்த புத்தகங்களில் இது இல்லை. இழந்தவர்கள் பயப்படுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்தது தன் வீட்டை மட்டும் விலத்திப் போவதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் பயம் வேறு மாதிரியானது. அவரால் தனக்கு மட்டும் ஆயத்தம் செய்ய முடியவில்லை. குண்டுச் சத்தம் என்று நினைத்தபோது நாங்கள் எல்லோரும் எங்கள் தலையைத்தான் மூடினோம். அந்த ஆசிரியை மட்டும் பக்கத்தில் நின்ற பிள்ளையை மூடினார். மாமி அவருடைய இனம். ஒரு ஆளுக்கு மட்டும் உதவும் அங்கி ஏன் அலுமாரிக்குள் போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மாமி கடலில் போகவில்லை. சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில், ஒரு சாதாரணக் காய்ச்சலில், கட்டிலில் போனார். ஊருக்குக் கொண்டு வந்த படகில் பெட்டிக்குப் பக்கத்தில் ரியூப்பை நான் வைத்தேன். அன்றைக்கு ஒருவரும் லொறியைப் பற்றிக் கேட்கவில்லை.

அதன் பிறகு காலையில் அதை அமர்த்திப் பார்ப்பது என் வேலையாயிற்று. யாரும் சொல்லவில்லை. ஒருநாள் என் பெருவிரல் அங்கே இருந்தது.

இன்று மகள் உயர்தர வகுப்புப் படிக்க யாழ்ப்பாணம் போனாள். விடுதியில் தங்கப் போகிறாள். முதல்முறை தனியாகப் படகேறுகிறாள், அதுவும் இந்த வாடையில். ரியூப்பைக் கொண்டு போ என்றேன். "அப்பா, எல்லாரும் சிரிப்பினம். எனக்கு ஏலாது" என்றாள். தாயும் அவள் பக்கம் நின்றாள். நான் ஆணியிலிருந்து அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். மகள் பத்தடி முன்னால் நடந்தாள்.

துறையில் படகு மூக்குக் குத்தி எழுந்துகொண்டிருந்தது. கட்டையில் கயிறு கட்டிக்கொண்டு நின்றவன் என்னைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டான். "அண்ணை, லொறி எங்கை அண்ணை?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கண் அலையில் இருந்தது. மகள் படகுக்குள் இருந்து என்னைப் பார்த்தாள். பிறகு தனக்கு எதிரே கைக்குழந்தையோடு இருந்த பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் பலகையை ஒரு கையாலும் பிள்ளையை மறு கையாலும் பிடித்திருந்தாள். மகள் எழுந்து கையை நீட்டினாள்.

"இஞ்சை தாங்கோ." வாங்கி அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தாள். கயிற்றுக்காரனைத் திரும்பிப் பார்த்து, "லொறி பின்னாலை வருது" என்றாள்.

படகு கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு வந்து, வெறும் ஆணிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். மனைவி குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். இதுவரை எழுதி வந்தபோது தொலைபேசி அடித்தது. பேனையை வைத்துவிட்டு எடுப்பதற்குள் முதல் தடவை நின்றுவிட்டது. இரண்டாம் தடவை அவளுடைய குரல், பின்னால் பஸ்சின் இரைச்சல்.

"அப்பா, வந்து சேர்ந்திட்டன். நல்லா நனைஞ்சு போனன். மற்றது, ரியூப்பை அமத்திப் பாத்தனான். காத்து அளவாய்த்தான் இருக்கு."