திரை நடத்திய கணக்குப் பாடம்

2008 வாக்கில் திருத்தங்கலில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இன்டர்நெட் பாடம் என்று வகுப்பில் ஒரு திரையை மாட்டினார்கள். சென்னையிலிருந்து யாரோ அதில் கணக்கு நடத்துவார். நூறு சதவீதத் தேர்ச்சி என்று தாளாளர் முன்கூட்டியே போஸ்டர் ஒட்டிவிட்டார். நான் கடைசி பெஞ்சில் பேப்பர் படிப்பேன். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால், "திரையில இருக்கவரைக் கேளு" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே காறித்துப்பத் தோன்றுகிறது.

முடிவு வந்தபோது பாதி வகுப்பு கணக்கில் ஃபெயில். தாளாளர் பிள்ளைகளை மக்கு என்றார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

மறுநாள், பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் ஃபெயிலான மகளோடு வந்தார்.

"எம் புள்ளைக்குப் புரியலைன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது சார். நீங்க அங்கனதான இருந்தீக, உங்களுக்குமா தெரியலை? இனி இவளையும் கம்பெனிக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்."

அன்றே தோற்றவர்களை அழைத்துக் கரும்பலகையில் முதலிலிருந்து நடத்தத் தொடங்கினேன். உடனடித் தேர்வில் அந்தப் பெண் தேறினாள். இரண்டு பேர் மறுபடியும் தோற்று, பட்டாசு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பேச்சியம்மாள் தேடிவந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கேள்வி கேட்ட அன்றுகூட நான் அவ்வளவு கூசியதில்லை.