எலிக்குக் கொடுத்த எண்ணெய்

எங்கள் நன்னிலம் பக்கத்து வயல்களில் எரிவாயுக் குழாய் இறக்கக் கூடாது என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த வருடம் அது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பந்தலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குக் கழுத்தில் கட்டி. தஞ்சாவூரில் காட்டினோம். புற்றுநோய்தான், குணமாக்கிவிடலாம், திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

பிழைத்துக்கொள்வார் என்றதும் அடுத்த கவலை வந்தது. கீமோ ஏற்றினால் ஆண்களுக்குப் பிள்ளை பாக்கியம் போய்விடலாமாம். டாக்டரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. கருஞ்சீரக எண்ணெய் அதைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. சனிக்கிழமை காலையில் கடைத்தெரு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன்.

கடைக்கார பாயிடம் தலைமுடிக்கு என்று சொல்லி எண்ணெய் கேட்டேன். அவர் பாட்டிலை நீட்டும்போது, "தினமும் எத்தனை ஸ்பூன் குடிக்கணும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"தலைமுடிக்குக் குடிப்பாங்களாம்மா?" என்றார். அவ்வளவுதான், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"அந்தச் சேதியை நானும் படிச்சேன். எலிக்குக் கொடுத்துத்தான் பார்த்திருக்காங்க. நம்ம வயல் எலிக்கு அதெல்லாம் தேவையே இல்லம்மா" என்றார். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "கீமோவுக்கு முன்னாடியே உயிரணுவை எடுத்து உறைய வச்சுக்கலாம். எங்க தங்கச்சி மாப்பிள்ளைக்கு அப்படித்தான் செஞ்சோம். மருந்து ஏத்திட்டா கஷ்டம். இன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க. அவரைக் கேக்காம இந்த எண்ணெயையும் கொடுத்துடாதீங்க."

அன்றே தஞ்சாவூர் போனோம். போலீஸ் எதிரில் மைக் பிடித்துப் பேசுகிற மனுஷன், டாக்டர் எதிரில் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தார். நான் இடித்த இடியில் ஒருவழியாக, "சார், கொஞ்சம் விதைநெல் எடுத்து வச்சுக்கணும்" என்றார். டாக்டரும் விவசாயி வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. உடனே புரிந்துகொண்டார்.

"நல்லவேளை கேட்டீங்க. நானே சொல்லியிருக்கணும்" என்று உறைய வைக்கும் வசதியுள்ள திருச்சி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, கீமோவை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

இன்று இவர் நன்றாக இருக்கிறார். அன்று சேமித்து வைத்ததில் எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெயர் வைத்த நாளில் முதல் இனிப்பை பாய்க்குத்தான் கொடுத்தேன்.

இதை எழுதும்போதும் இரண்டும் அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருக்கின்றன. வெட்கப்பட்டு அன்று வாயை மூடிக்கொண்டே திரும்பியிருந்தால் இந்த வீடு எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்று நினைப்பேன். அடிக்க ஓங்கிய கை தானாக இறங்கிவிடும்.